மரணம் பற்றி 20 வயதுக்காரர்களையும் 50 வயதுக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச வேண்டும். எப்படி நடத்துவது?

கேள்வி: வாசகர்வட்டம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதத் தலைப்பு மரணம். வருபவர்களில் பாதிப் பேர் 19 முதல் 25 வயதுக் கல்லூரிப் பிள்ளைகள். மீதிப் பேர் 42 முதல் 55 வயதுக்காரர்கள்: ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வீட்டை நிர்வகிக்கும் பெண்கள். மொத்தம் முப்பது பேர் வரை இருப்பார்கள், இரண்டு மணி நேரம்.

தலைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டதுமே இரண்டு கட்சியாகிவிட்டது. பிள்ளைகள், “சாவு வரும்போது வரட்டும், சடங்கு எதுவும் வேண்டாம், உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுத்துடுங்க” என்கிறார்கள். பெரியவர்கள், “நல்ல வார்த்தை பேசுங்கப்பா” என்று குழுவில் எழுதிவிட்டுத் தனிச்செய்தியில் உயில் எழுதுவது எப்படி என்று கேட்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இளைஞர்களுக்கு உண்மையிலேயே பயம் குறைவா? இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மட்டம் தட்டாமல், வீட்டுக்குப் போய் ஏதாவது ஒரு காரியம் செய்யும்படி இந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவது?

பதில் 1: ஆற்றுப்படுத்துநர்

பயம் குறைவு என்ற எண்ணத்தோடு கூட்டத்தைத் தொடங்காதீர்கள். வயதுவாரியாக மரண அச்சத்தை அளந்த ஆய்வுகளில் நேர் எதிரான முடிவு கிடைத்திருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் ரஸ்ஸாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் ஆண், பெண் இருவருக்குமே அச்சம் உச்சத்தில் இருந்தது இருபதுகளில்தான். அதன்பின் வயது ஏற ஏற இறங்குகிறது. பெண்களுக்கு மட்டும் ஐம்பதுகளின் தொடக்கத்தில் இன்னொரு முறை ஏறுகிறது. வேறு நாட்டுத் தரவு என்பதால் அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும், துணிச்சலான பேச்சைப் பயமின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதும்.

நடுவயதில் மாறுவது காலக்கணக்கு. அமெரிக்க உளவியலாளர் பெர்னீஸ் நியூகார்ட்டன் 1960-களில் இதைக் கவனித்து எழுதினார்: பிறந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் இன்னும் எத்தனை வருஷம் மிச்சம் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். இருபது வயதுக்காரருக்கு மரணம் ஒரு கருத்து. அதைப் பற்றி வாதாடலாம். ஐம்பது வயதுக்காரருக்கு அது முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல்: பெண் கல்யாணம், வீட்டுக்கடன், அம்மாவின் மருந்து. வாதாட அவருக்கு மனம் வராது. தனிச்செய்தியில் உயிலைப் பற்றிக் கேட்டவர் மரணப் பேச்சைத் தவிர்க்கவில்லை, அவர் நேராக வேலைக்குப் போய்விட்டார்.

கூட்டத்தில் “சாவுக்குப் பயமா?” என்று பொதுவாகக் கேட்டால் வீரவசனம்தான் வரும். 1969-ல் காலெட், லெஸ்டர் என்ற இருவர் உருவாக்கிய அளவுகோல் இதை நான்காகப் பிரிக்கிறது: என் மரணம், நான் சாகும் விதம், என்னவர்களின் மரணம், அவர்கள் சாகும் விதம். இந்த நான்கையும் நான்கு துண்டுச் சீட்டில் அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், வயதுப் பிரிவுக்கு மட்டும் சீட்டின் நிறத்தை மாற்றுங்கள். எழுத 10 நிமிடம் போதும். பிறகு பலகையில் இரண்டு நிறத்துக்கும் தனித்தனியாகக் கூட்டிப் போடுங்கள். பேச்சு அந்த எண்களிலிருந்து தொடங்கினால் யாரும் யாரையும் குறைசொல்ல வழியிருக்காது. முப்பது பேரை ஒரே வட்டமாக உட்காரவைக்காமல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு வயதினரும் கலந்திருக்கட்டும். ஆனால் அப்பாவும் மகனும் ஒரே குழுவில் வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று. இந்தியாவில் 15 முதல் 29 வயதில் தற்கொலை முக்கியமான மரணக் காரணங்களில் ஒன்று. “நான் இல்லாமப் போனா யாருக்கும் ஒன்னும் இல்ல” என்கிற மாதிரி ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னால் அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டு நகராதீர்கள். இடைவேளையில் தனியாக அழைத்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல், வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டு அழைத்துப் பேசுங்கள். மனநல உதவிக்கு அழைக்கும் எண்களான டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டின் 104 இரண்டையும் பலகையின் மூலையில் கூட்டம் முடியும்வரை எழுதிவையுங்கள்.

பதில் 2: வலிதணிப்புச் செவிலி

உடல்தானம்னு பிள்ளைங்க சொல்றதைப் பத்தி முதல்ல. மனசு நல்ல மனசு. ஆனா விவரம் தெரியாம உறுதிமொழி எழுதினா கடைசி நேரத்துல வீட்டுக்காரங்கதான் அல்லாடுவாங்க. உடல்தானம், உறுப்புதானம், கண்தானம் மூணும் மூணு தனித்தனி விஷயம்.

உடல்தானம் மருத்துவக் கல்லூரியோட உடற்கூறியல் துறைக்குப் போகும். போஸ்ட்மார்ட்டம் செஞ்ச உடம்பை எடுத்துக்க மாட்டாங்க. எச்ஐவி, மஞ்சள்காமாலை பி மாதிரி தொற்று இருந்தாலும் எடுக்க மாட்டாங்க. இளவயசுல நிறைய சாவு விபத்துல வருது. விபத்துன்னா போலீஸ் வழக்கு, போஸ்ட்மார்ட்டம். அப்போ அந்த உறுதிமொழிக் காகிதம் பயன்படாது. இருபது வயசுக்காரங்களுக்கு அதிகமாப் பொருந்துறது உறுப்புதானம். தலையில அடிபட்டு மூளைச்சாவு ஆனவங்ககிட்டருந்துதான் பெரும்பாலும் உறுப்பு எடுக்குறாங்க. நாலு மருத்துவர் குழு, குறைஞ்சது 6 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதனை செஞ்ச பிறகுதான் மூளைச்சாவுன்னு அறிவிப்பாங்க. போலீஸ் வழக்கா இருந்தாலும் அனுமதி வாங்கிச் செய்யலாம். தமிழ்நாட்டுல 2023 செப்டம்பர்லருந்து உறுப்புதானம் செஞ்சவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச்சடங்கு.

கண்தானம் எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, வெறிநாய்க்கடி மாதிரி தொற்று இருந்தவங்களைத் தவிரப் பெரும்பாலும் யாரும் செய்யலாம். கண்ணாடி போட்டவங்க, சர்க்கரை உள்ளவங்க, 80 வயசுக்காரங்க எல்லாரும். 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். கண் வங்கிக்காரங்க வர்ற வரைக்கும் செய்ய வேண்டியது: இமையை மூடி ஈரப்பஞ்சு வைங்க, தலைக்குத் தலையணை குடுத்துக் கொஞ்சம் உசத்துங்க, ஃபேனை நிறுத்துங்க. ஃபேனை நிறுத்த மறந்துடுறாங்க, கருவிழி காஞ்சுபோயிடுது.

இந்த மூணுலயும் கடைசி முடிவு நெருங்கின சொந்தத்தோட கையெழுத்துல இருக்கு. நீங்க அட்டை வாங்கி பர்ஸ்ல வச்சிருந்தாலும் அம்மா வேண்டாம்னா நடக்காது. அதனால பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடம் குடுக்கறதா இருந்தா, “உறுதிமொழி எழுதிட்டு வா”ன்னு குடுக்காதீங்க. “அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லிட்டு வா, அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதிட்டு வா”ன்னு குடுங்க.

இப்போ பெரியவங்க. நாப்பத்தஞ்சு, ஐம்பது வயசுல இருக்கிறவங்க தன்னோட சாவைவிடப் பெத்தவங்களோட கடைசிக் கட்டத்தைப் பத்தித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கு. வென்டிலேட்டர் போடலாமான்னு டாக்டர் கேட்கும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு வராண்டாவுல நிக்கறது அவங்கதான். அப்போ அண்ணன் தம்பிக்குள்ள வர்ற சண்டைக்குக் காரணம், அப்பாவுக்கு என்ன வேணும்னு அவர் தெளிவா இருக்கும்போது யாரும் கேட்காததுதான். “அவர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார்”னு பிள்ளைங்க சொல்வாங்க. பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். “உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?”ன்னு ஆரம்பிங்க. அடுத்து “எதை நினைச்சா கவலையா இருக்கு?” அதுக்கப்புறம் “ரொம்ப முடியாமப் போனா வீட்டுல இருக்கணுமா, ஆஸ்பத்திரியிலயா?” இந்த மூணு போதும். ஒரே நாள்ல மூணையும் கேட்டுடணும்னு கட்டாயம் இல்ல.

வலிக்கு மார்ஃபின் குடுத்தா உடனே போயிடுவாங்கன்னு இந்த வயசுக்காரங்ககிட்ட ஒரு பயம் ஆழமா இருக்கு. சரியான அளவுல, மருத்துவர் கண்காணிப்புல குடுக்குற மார்ஃபின் சாவை முடுக்கிவிடாது. மலச்சிக்கல் கண்டிப்பா வரும், அதுக்கு மருந்து சேர்த்தே குடுக்கணும். வீட்டுக்கே வந்து பார்க்குற வலிதணிப்புச் சிகிச்சை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க.

பதில் 3: பத்திர எழுத்து

செவிலி சொன்ன வென்டிலேட்டர் கேள்விக்கு எழுத்து வடிவம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் அனுமதித்து, 2023 ஜனவரியில் எளிதாக்கிய முன்கூட்டிய மருத்துவ உத்தரவு, அதாவது மீள முடியாத கட்டத்தில் வென்டிலேட்டர் போன்ற உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது, அதனால் கிட்டத்தட்ட யாரும் எழுதவில்லை. இப்போது 18 வயது நிரம்பியவர் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தன்னால் பேச முடியாத நிலையில் முடிவு சொல்லப்போகிறவர்களின் பெயர்களையும் அதில் எழுத வேண்டும். மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே நடைமுறைக்கு வரும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். எழுதிய காகிதத்தை லாக்கரில் பூட்டிவைத்தால் பயன் இல்லை. நகல் குடும்ப மருத்துவரிடமும், பெயர் எழுதப்பட்டவர்களின் போனிலும் இருக்க வேண்டும்.

இனி, இரண்டு வயதினரும் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கும் சில விஷயங்கள்.

இளைஞர்கள் “என்கிட்ட என்ன இருக்கு, உயில் எழுத?” என்பார்கள். கடன் இருக்கிறது. கல்விக்கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரர். மகன் இறந்தால் வங்கி அவர்களிடம்தான் வரும். பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம், 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய்க்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் தவறினால் காப்பீடு நின்றுவிடும். குடும்பத்துக்கு அது இழப்பு வந்த பிறகுதான் தெரியும். ஜீவன் ஜோதியில் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்தல்லாத மரணத்துக்குப் பணம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு: வருங்கால வைப்பு நிதியில் கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நியமனம் (நாமினி), கல்யாணம் ஆனதும் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தால் அதனோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை வரும். நியமனம் சரியில்லாவிட்டால் அந்தப் பணம் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் காத்துக்கிடக்கும்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் யாருக்கு என்ன கொடுக்கிறது என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், பலரும் நிமிர்ந்து உட்காருவார்கள். உயில் இல்லாமல் இறக்கும் ஆணின் சொத்து மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. அப்பா இந்த முதல் வகுப்பு வாரிசுகளில் இல்லை. கல்யாணமாகிக் குழந்தையில்லாத பெண், தான் சம்பாதித்து வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால் அது கணவருக்கு. கணவரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அவளைப் பெற்றவர்கள் அதற்கும் பின்னால்தான். 27 வயதில் சொந்தச் சம்பளத்தில் மனை வாங்கும் பெண்ணுக்கு உயில் அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

பெரியவர்கள் அடிக்கடி தவறாக நினைப்பது: வங்கியில் நாமினி போட்டாயிற்று, இனி உயில் எதற்கு? நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர். பங்கு வாரிசுகளுக்கும் உயிலில் உள்ளவர்களுக்கும்தான். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு நாமினி வரை, விகிதம் போட்டே எழுதலாம். தொழில் கடன் உள்ள கடைக்காரர்கள் டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கும்போது 1874-ம் வருட மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும் நேரத்திலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பதில் 4: ஊர்க்காரன்

ஆற்றுப்படுத்துநர் சொல்வதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. பிளவு வயதில் இல்லை, வீட்டுச் சாவுக்கு இறுதிக் காரியம் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் நடுவில் இருக்கிறது. பதினெட்டு வயதில் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த பையனைப் பாருங்கள், ஐம்பது வயதுக்காரர் மாதிரிதான் பேசுவான். பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கிற 48 வயதுக்காரர் பல விஷயத்தில் பிள்ளைகள் பக்கம் நிற்பார். சீட்டில் நிறம் மாற்றுவதாக இருந்தால் வயதோடு இதையும் ஒரு டிக் அடிக்கச் சொல்லுங்கள்: “வீட்டில் ஒரு சாவை நின்று நடத்தியிருக்கிறேன்”. பெண்களில் நிறையப் பேர் டிக் அடிப்பார்கள். சுடுகாட்டுக்குப் போகாவிட்டாலும் குளிப்பாட்டுவது, கோடித் துணி, வருகிற பெண்களைக் கவனிப்பது, பதினாறு நாள் சமையல் எல்லாம் அவர்கள் கையில்தான் நடக்கிறது.

“சடங்கு வேண்டாம்” என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பேசுங்கள். பதினாறாம் நாள் காரியத்தில் பல சமூகங்களில் மூத்த மகனுக்கு உருமா (தலைப்பாகை) கட்டுவார்கள். இனி இந்த வீட்டுக்குப் பொறுப்பு இவர் என்று ஊரும் பங்காளியும் மாமன் மச்சானும் சேர்ந்து ஒப்புக்கொள்கிற இடம் அது. கொடுக்கல் வாங்கல் பேசுவதும் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான். நடுவயதுக்காரர் சடங்கை விடமாட்டேன் என்பதற்கு மூடநம்பிக்கை மட்டும் காரணம் இல்லை, அன்றைக்கு அவருடைய இடம் மாறுகிறது. பிள்ளைகள் வெறுப்பது பெரும்பாலும் செலவையும், பெண்களை ஒதுக்குவதையும், தாலி அறுக்கும் சடங்கையும். அந்தக் கோபம் முழுக்க நியாயம். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று பெயர் சொல்லிப் பேசினால் இரண்டு தரப்பும் நிறைய இடத்தில் ஒத்துப்போவார்கள்.

பதில் 5: கணினிப்பக்கம்

பிள்ளைகளிடம் போனிலிருந்து தொடங்குங்கள், உடனே செய்வார்கள். கூகுள் கணக்கில் ‘செயல்படாத கணக்கு மேலாளர்’ என்ற அமைப்பு இருக்கிறது. 3, 6, 12, 18 மாதம் என்று காலத்தைத் தேர்ந்தெடுத்து, அத்தனை நாள் கணக்கு பயன்படாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று 10 பேர் வரை பெயர் கொடுக்கலாம். ஐபோனில் ‘மரபுத் தொடர்பு’: நம் மறைவுக்குப் பின் கணக்கைத் திறக்கக்கூடியவர்கள், 5 பேர் வரை. அங்கே கிடைக்கும் அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் இரண்டும் இருந்தால்தான் திறக்கும், அதனால் சாவியை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். கூட்டத்திலேயே 15 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு குறிப்பு. இறந்தவரின் சிம்முக்கு ரீசார்ஜை உடனே நிறுத்தாதீர்கள். 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் எண் போய்விடலாம். எந்தெந்த வங்கி, எந்தப் பாலிசி என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியில்தான் தெரியவரும். ஆனால் அவருடைய ரகசிய எண்ணை வைத்து ஏடிஎம்மிலோ யூபிஐயிலோ பணம் எடுக்காதீர்கள். வங்கிக்கு இறப்பைத் தெரிவித்து நாமினி வழியாகக் கோருவதுதான் முறை. மற்ற வாரிசுகள் கேள்வி எழுப்பினால் எடுத்தவர் பதில் சொல்ல வேண்டிவரும். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போக வேண்டும்.

வாசகர்வட்டம்

எல்லாருக்கும் நன்றி. சீட்டு, கலந்த குழு, டிக், எண்கள் எல்லாம் குறித்துக்கொண்டேன். உயில், மருத்துவ உத்தரவு இரண்டையும் அதே நாளில் எழுதவைத்துவிடலாமா? நோட்டரி ஒருவரை அழைத்துவர முடியும்.

பத்திர எழுத்து

அதே நாளில் வேண்டாம். மனம் கலங்கிய நிலையில் எழுதியது என்று பிறகு யாராவது சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு நாள் வையுங்கள். அதற்குள் ஒவ்வொருவரும் சொத்து விவரம், சர்வே எண், கணக்கு எண்கள், யாருக்கு எவ்வளவு என்பதைத் தங்கள் கையால் எழுதிவரட்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, தேதி, கடைசியில் இரண்டு சாட்சிகள். எழுதுபவர் கையெழுத்திடுவதைச் சாட்சிகள் பார்க்க வேண்டும், அவர் முன்னால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப்போகிறவர் சாட்சியாக இருக்க வேண்டாம்.

சாட்சிக்கு உங்கள் வட்டத்துப் பிள்ளைகளைப் போடுங்கள். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்காரர் தன் வயதுச் சிநேகிதர்கள் இருவரைச் சாட்சியாகப் போட்டால், முப்பது வருடம் கழித்துத் தேவைப்படும்போது இருவருமே இல்லாமல் போகலாம். 18 நிரம்பிய, ஊரில் தொடர்பு விட்டுப்போகாத இருபது வயதுக்காரர் சாட்சிக்கு நல்ல தேர்வு. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை, தாளை மடித்துவைத்தே கையெழுத்து வாங்கலாம். சாட்சியின் நிரந்தர முகவரியையும் அப்பா பெயரையும் முழுதாக எழுதச் சொல்லுங்கள். வெறும் கையெழுத்தும் போன் எண்ணும் மட்டும் இருந்தால் பின்னாளில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.